கீழ் இலை

கம்போங் ராஜாவில் விடிகாலை நாலரை.
தேயிலை ஆலையின் சங்கு இன்னும் ஊதவில்லை.
நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு குனிகிறேன்.
மேலிருந்து பார்த்தால் குறையொன்றும் இல்லை:
நீலம் பூசிய பச்சை, பனித்துளி, இறுகிய கோஸ்.
கீழ் இலையைத் தூக்கினால்தான்
பஞ்சு.

மெத்தை தைக்கிறவன் சிந்திவிட்டுப் போன மாதிரி
வெள்ளைப் பஞ்சு, அதற்குள்
எலிப்புழுக்கை அளவில் கறுப்பு மணிகள்.
முதல் நாள் எலியென்றுதான் நினைத்தேன்,
பொறியில் கருவாடு வைத்தேன்.
சிரிக்கலாம்.

பெருவிரலால் அழுத்துகிறேன்.
நல்ல காய் எதிர்த்து நிற்கும்.
இது வழிவிடுகிறது.
அந்த வாடை கையுறையைத் தாண்டி வந்து
சோறு பிசையும்போதும் இருக்கிறது.

தானா ராத்தாவிலிருந்து வந்த அதிகாரி
ஒரு மணியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.
பூஞ்சைதான் என்றார்.
மழை ஓயாத மலை, நெருக்கி நட்டிருக்கிறீர்கள்,
காற்று எந்த வழியாக நுழையும்?
மருந்தடித்தால் பஞ்சு அடங்கும், மணி சாகாது.
மண்ணுக்குள் எட்டு வருஷம்கூடக் கிடக்கும்.

எட்டு வருஷம்.
எங்களுக்கு இந்த மண்ணில்
வருஷத்துக்கு வருஷம் கெஞ்சி வாங்கும்
ஒரு வருஷ பெர்மிட்.

சன்னாசி ஒன்றும் பேசவில்லை.
கத்தியைத் தீட்டினார்.
ஏழு மணிக்கு லோரி, உரி என்றார்.
ஓர் இலை, ஈரிலை,
நாலாவதில் பளிச்சென்று வெளிறியது காய்.
இரண்டு கிலோ ஒன்றேகால் ஆயிற்று.
சில கோஸ்கள் உரிக்க உரிக்க
என் மகளின் கைமுட்டி அளவுக்கு வந்து
பிறகு ஒன்றுமில்லாமல் போயின.
ரஃபிகுல் அந்த இலைகளைச் சாக்கில் அள்ளி
வாயை இரண்டு முடிச்சாகக் கட்டினான்.

ஆறரைக்கு வேலிக்கு அப்பாலிருந்து
லிம்மின் மனைவி தள்ளுவண்டி கேட்டாள்.
அவள் நாற்று நட்டு ஒன்பது நாள்.
சக்கரத்தில் எங்கள் மண் அப்பியிருந்தது.
சன்னாசி என்னைப் பார்த்தார்.
இல்லையென்றால் காரணம் கேட்பாள்.
காரணம் சொன்னால்
லோரிக்காரன் காதுக்குப் போய்
ஈப்போ வரைக்கும் போகும்.

பைப்பைத் திறந்தேன்.
சக்கரம், கைப்பிடி, அடித்தட்டு,
குளோராக்ஸ் ஊற்றித் தேய்த்தேன்.
வேலியில் கைவைத்து அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.
இரவல் வண்டியை
யார் இப்படிக் கழுவித் தருவார்கள்?

வண்டியை அவள் வாங்கிக்கொள்ளவில்லை.
குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தாள்.
நேற்று எங்கள் பாத்திகளுக்கு ஊடேதான்
குறுக்குவழியில் போயிருந்தாள்.

வளைவில் லோரியின் ஹாரன்.
ஓடுகிற பைப்பை
வேலி இடுக்கில் அவளிடம் நீட்டினேன்.