உடன் வந்தோர்

என் பெயரை எழுதத் திணறிப்
பதிவேட்டை என்னிடமே தள்ளினார் சர்ஜமீன்.
பழக்கதோஷத்தில் தமிழில் எழுதிவிட்டேன்.
எனக்கு முந்தைய வரி
பதினோரு நாள் பழையது:
லாகூரிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பேருந்து.
'உடன் வந்தோர்' கட்டத்தில் கோடு போட்டேன்.
கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பிறகு சாலையை,
யாராவது பின்னால் வருகிறார்களா என்று.

கீழே ஸ்வாத் ஆறு, மார்கழிக்கு மெலிந்து.
சீமைப் பனிச்சை மரங்களில் இலையில்லை,
கைக்கு எட்டாத பழங்கள் மட்டும்.

ஸ்தூபியின் வயிற்றில்
புதையல்காரர்கள் தோண்டிய குழி.
அதில் ஒரு வெள்ளாடு அசைபோட்டது.
பீடத்தில் பாதங்கள் இரண்டு,
கணுக்காலுக்கு மேலே வானம்.
"மீதி?" என்று சைகையில் கேட்டேன்.
கையை மேற்கே வீசினார்.
அந்தப் பக்கம் எத்தனையோ நாடுகள்.

மலையோரம் துறவிகளின் அறைகள்.
மூன்றாவதில் நுழைந்து உட்கார்ந்தேன்,
முழங்காலை மடக்கினால்தான் இடம்.
விளக்கு மாடத்தில் கரி இருந்தது,
விரலில் ஒட்டியது.
எந்தத் துறவியின் இரவோ,
போன வருடத்து இடையனின் அடுப்போ,
நான் என்ன கண்டேன்.
செல்பேசியை மாடத்தில் வைத்தேன்.
அளவெடுத்ததுபோல் நின்றது,
சிக்னல் இல்லாமல்.

எவ்வளவு நேரமோ.
கதவில்லாத வாசலில்
கல்லை விரலால் தட்டும் ஓசை.
சர்ஜமீன், முகத்தை ஆற்றுப்பக்கம் திருப்பியபடி.
ஏலக்காய் போட்ட கஹ்வா,
கோப்பைகள் இரண்டு.
ஒன்றை வாசற்கல்லில் வைத்துவிட்டு
மற்றதோடு
ஆட்டை விரட்டப் போனார்.