இருபத்தொரு நொடி

மாட்டுத்தாவணியில்
மேலூர் வண்டி இரண்டு நிமிடம் தாமதம் என்று
சிவப்பு மையில் எழுதுகிறவன் நான்.
கண்டக்டர்கள் என்னிடம் நிமிடத்துக்குக் கெஞ்சுவார்கள்.
நான் யாரிடம் கெஞ்ச?

பத்து கிலோமீட்டர்,
ஐம்பது நிமிடம் இருபது நொடி.
ஜனவரியில் அழகர்கோவில் சாலையில் ஓடியது.
ஐம்பதுக்குள் வர வேண்டும்.
இருபத்தொரு நொடி, ஒரு டீ ஆறுவதற்குக்கூடக் காணாது.
அதற்கு ஏழு மாதமாகத் தூக்கத்தை விற்கிறேன்.

செவ்வாய்க்கிழமை தெப்பக்குளம், நாலே முக்கால்.
ஒரு கரை வேகம், அடுத்த கரை மெது,
மறுபடி வேகம், மறுபடி மூச்சு.
சுற்றுச்சுவர்க் கல்லில் சாக்பீஸ் கோடு.
எட்டு முறை.
ஐந்தாவதில் தொடை இரண்டும் வேறு யாருடையவோ.
ஆறாவதில் மைய மண்டபம்
நகராமலே கூட வரும்.
ஏழாவதை ஓடிவிட்டதாக
எனக்கு நானே சொல்லிப் பார்ப்பேன்.
சாக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் தேங்காய்க் கடைக்காரர்
"இன்னும் ரெண்டு இருக்குல்ல" என்பார்.
அவரை யார் எண்ணச் சொன்னது?

ரெஜினாள், பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ்,
ஜனவரியில் என் முதுகைப் பார்த்தபடியே வந்து
ஒன்பதாவது கிலோமீட்டரில் தாண்டிப் போனவள்.
கோட்டுக்கு அப்பால் வாழைப்பழம் உரித்துக்கொண்டே
"சம்பளத்த அஞ்சாந் தேதியே முடிச்சிட்டீங்க" என்றாள்.
உண்மைதான்.
முதல் இரண்டு கிலோமீட்டர் மாப்பிள்ளை மாதிரி,
கடைசி இரண்டில் வட்டி கட்டுவேன்.

வாரம் மூன்று நாள் மெதுவாக ஓடுங்கள் என்றாள்.
பேசிக்கொண்டே ஓடும் மெது.
அதுதான் எனக்கு வரவில்லை.
நத்தம் சாலைப் பாலத்துக்குக் கீழே
முன்னால் யாராவது போனால் போதும்,
பால்காரர் மொபெட்டானாலும் சரி,
கால் தானாக முந்தப் பார்க்கும்.
அதனால் சிங்கப்பூர் மச்சானைப் போனில் கூப்பிட்டு ஓடுகிறேன்.
அங்கே ஏழரை மணி, வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருப்பான்.
எனக்கு மூச்சு வாங்கினால்
"என்ன, வேகமாப் போறியா?" என்பான்.
அவனுக்குச் சர்க்கரை வந்திருப்பது
அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு.
ரேஸ்கோர்ஸ் வாசலில் ஊக்கு குத்திய எண்கள்.
துப்பாக்கி வெடித்ததும்
எல்லோரையும் போக விட்டேன்:
பள்ளிக்கூடப் பையன்களை, பனியன் போட்ட போலீஸ்காரரை,
தொப்பையோடு ஒரு கல்யாண போட்டோகிராபரை.
விடுவது இவ்வளவு வலிக்கும் என்று
எட்டுக் கரை ஓடியபோதுகூடத் தெரியவில்லை.
ஆறில் ஒவ்வொருவராகத் திரும்ப வாங்கினேன்.
ஒன்பதில் ரெஜினாளின் சடை, பத்தடி முன்னால்.
அந்தப் பத்தடி
கடைசிவரை பத்தடியாகவே இருந்தது.

ஐம்பது நிமிடம் நான்கு நொடி.

மறுநாள் மதியம் நத்தம் வண்டிக் கண்டக்டர்
சட்டை நனைய ஓடி வருகிறான்.
"நாலு செகண்ட் சார்,
டிரைவர் திருப்பறதுக்குள்ள மணி மாறிருச்சு."
பதிவேட்டில் நொடிக்குக் கட்டம் கிடையாது.
பேனாவைப் பிடித்தபடி கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன்.
மேஜைக்கு அடியில்
இடது கெண்டைக்கால் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

தாமதம் ஒரு நிமிடம் என்று எழுதினேன்.
திட்டிக்கொண்டே போனான்.

நாளை செவ்வாய்.
ராத்திரி மழையில் கோடு அழிந்திருக்கும்,
சாக்பீஸ் வாங்க வேண்டும்.