முப்பதில் ஒரு நொடி

ஒட்டுசுட்டான் தாண்டி, பாலைமரங்கள் முடிகிற இடத்தில்
ஒரு மொட்டைப் பாறை. அதன் உச்சியில்
இன்பரூபன் நட்டுவைத்த பத்தொன்பது குழாய்கள்.
கச்சான் ஏறினால் ஊளை.
இறங்கினால், வெறும் போத்தல் வாயில்
யாரோ பிள்ளை ஊதிப் பார்ப்பதுபோல.

நான் கலியாணப் படக்காரன்.
சிரிக்கச் சொல்லிப் பழகியவன்.
இதுக்கு என்னத்தைச் சொல்ல?

முதல் படத்தில் அவை
வேலை முடிந்து மறந்துவிட்டுப்போன சாமான்.
இரண்டாவதில் கம்பி வேலி.
மூன்றாவதுக்குள் காற்று ட்ரைபொட்டைச் சரித்தது;
பைக்குள் கல் நிரப்பி
அதன் இடுப்பில் தொங்கவிட்டேன்.

கொழும்பிலிருந்து அழைப்பு:
"ஷெல் கோதுதானே அது? கிட்டவா எடும்,
துரு தெரியட்டும்."
"குழாய்க்கிணத்துப் பைப்," என்றான் இன்பரூபன்.
"பில் இருக்கு, காட்டவோ?"
பில்லையும் ஒரு படம் எடுத்தேன்.

வெயில் சாய ஷட்டரை மெதுவாக்கினேன்,
முப்பதில் ஒரு நொடி.
பாறை கூர்மை. தூரத்துக் குளக்கட்டு கூர்மை,
அதில் நின்ற எருமையும்.
ஏழாவது குழாயின் விளிம்பு மட்டும்
மயிரளவு கலங்கியிருந்தது.

"கை ஆடிட்டுதோ?"
இல்லை.
அந்த நேரம் ஒலித்தது அந்த ஒன்றுதான்.

பாறையில் சிக்னல் நல்லம். அங்கிருந்தே அனுப்பினேன்.
பதில் வந்தது:
"வடிவு. ஏழாவது தெளிவில்லை, திருத்தி அனுப்பும்."

மோட்டார்சைக்கிளில் இறங்குகையில்
ஹெல்மெட் இடுக்கில் காற்று ஏதோ தொடங்கிற்று.
இன்பரூபன் பிரேக்கை அமத்தினான்.
"பொறு. கொஞ்சம் பின்னுக்குப் போய்த் திரும்ப வருவம்.
இருபதாவதுக்கு
இந்தச் சத்தம்."