ரேன்

போன வருஷம் மார்கழியில்
பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது விழுந்தது.
வேறொன்றும் ஆகவில்லை.
திரையின் கீழ்வரிசையில் ஒரு நகத்தளவு செத்துப்போனது.
அங்கேதான் 'வ' குடியிருந்தது.

அன்றிலிருந்து வீடு, ஈடு.
வாடகை, ஆடகை.
முதுகு வலி வெறும் லி.
ஜெபாவுக்கு 'சீக்கிரம் ஆ' என்று அனுப்பினால்
வந்துவிடுகிறாள்.
எட்வினுக்கு தினமும் ஆறேகாலுக்கு ஒரு 'ரேன்'.
படித்ததும் உலையில் அரிசியைப் போட்டுவிடுவார்.

மே மாதம் அது வெளியானது.
முப்பத்திநாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
சொல்லி முடிப்பதற்குள் பிராட்வே சிக்னல்
ஒரு தடவை பச்சையாகி மறுபடி சிவந்துவிடும்.

எங்கள் பம்ப்செட் கடையில் குமுதவல்லி
முதல் நாளே தவணையில் வாங்கினாள்.
மத்தியானம் ஒரு மணிக்கு அது கொதிக்கும்.
ஏசிக்கு நேர் கீழே, ரசீதுக் கட்டின் மேல்
காய்ச்சல் பிள்ளையைப் போலப் படுக்க வைப்பாள்.
"படம் மட்டும் என்னமா எடுக்குது தெரியுமா."

ரிச்சி தெரு இர்ஃபான் விரலை ஆட்டினான்:
"முதல் மாசம் வாங்குறவங்க சம்பளமில்லாம
கம்பெனிக்கு வேலை பாக்கறாங்க, அக்கா.
பொறுங்க."
பொறுத்தேன்.

பழைய பில்புக்கின் பின்னட்டையில்
புதன்தோறும் விலையைக் குறித்தேன்.
ஜூலையில் இரண்டாயிரம் இறங்கியது,
அதே வாரம் ஜெபாவின் ஸ்கூல் வேன் ஏறியது.
சுதந்திர தினச் சலுகையில்
பழையதைத் தந்தால் எவ்வளவு என்று கேட்டேன்.
நானூற்று இருபது ரூபாய்.
மூன்று வருஷம் என் கைச்சூட்டிலேயே கிடந்தது அது.

மெட்ரோவில் ஒருநாள்
பக்கத்து இருக்கைக்காரர் கையில் அது.
மண்ணடியிலிருந்து சென்ட்ரல் வரை
திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
அவர் அதில் மணி பார்த்தார்.
இன்னொரு தடவை மணி பார்த்தார்.
அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஆயிரம் ஏற்றி
தீபாவளிக்கு ஆயிரம் இறக்கினார்கள்.
பின்னட்டை இல்லாதவர்கள் வரிசையில் நின்றார்கள்.
"ஜனவரியில அடுத்தது வருதாம்," என்றாள் குமுதவல்லி.
"அது வந்தா இது விழும்.
ஆனா அது வந்தப்புறம் இதை யாரு வாங்குவா?"
எனக்கும் பதில் தெரியவில்லை.
எட்வின் மட்டும் எதுவும் சொல்லவில்லை.
ரேஷன் கார்டு உறையில் ஐந்நூறு ஐந்நூறாக
எதையோ சேர்த்துக்கொண்டிருந்தார்.
கேட்டால் மோட்டார் ரிப்பேருக்கு என்பார்.
எங்கள் வீட்டில் மோட்டார் கிடையாது.

நவம்பர் கடைசி, கணுக்கால் அளவு மழைத்தண்ணீர்.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இர்ஃபான் கடைக்குள் ஏறினேன்.
"கையில வச்சுப் பாருங்க அக்கா, காசா பணமா,"
என் சிம்மைக் கழற்றி
கண்ணாடிப் பெட்டியிலிருந்த அதில் போட்டான்.
மணி ஆறேகால்.
பழக்கதோஷம். எட்வினுக்கு அனுப்பினேன்:

வரேன்.

முழுதாக. தலையோடு.
அத்தனை மாதங்களுக்குப் பிறகு
அந்த எழுத்தைத் தொட்டபோது விரல் கூசியது.

பதில் உடனே வந்தது.
'யாருங்க இது?
இது என் ஒய்ஃப் நம்பர். போன் எங்க கிடைச்சுது?'

சிரித்தேன். இர்ஃபானும் சிரித்தான்,
எதற்கென்று தெரியாமல்.
அதற்குள் அழைப்பு.
"லீமா? லீமாவா? எங்க இருக்க?
தொலைஞ்சிடுச்சா? தண்ணியில விழுந்துட்டியா?"
பின்னால் குக்கர் இல்லை, டிவி இல்லை.
சட்டை மாட்டிக்கொண்டு
வாசலுக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது.

"ஒண்ணுமில்ல. கடையில இருக்கேன்.
அரிசி போடுங்க."

பில் போடச் சொன்னேன்.
உறையிலிருந்து ஒன்பதாயிரம், என்னிடம் பன்னிரண்டு,
மிச்சம் ஆறு தவணை.

அடுத்த புதன் ஆயிரத்து ஐந்நூறு குறைந்தது.
பின்னட்டையில் குறித்து வைத்தேன்.

ஆறேகாலுக்கு இன்னமும்
'ரேன்' என்றுதான் அனுப்புகிறேன்.