கேமரா பதினான்கு

மூன்று நிமிடம் நாற்பத்தெட்டு நொடிப் பாட்டு.
இருநூற்றுப் பதினொரு வெட்டு.
எண்ணினேன். இரவுப் பணியில் எண்ணுவதற்கு நேரம் கிடைக்கும்.

தொடக்கத்தில் ஒரு டியூப்லைட் துடிக்கிறது.
அந்தத் துடிப்பின் மேல்தான் டிரம்ஸ் ஏறி வருகிறது.
நல்ல யோசனை.
ஆனால் அது நான்காம் தளம், சி வரிசை, பதினேழாம் தூண்.
அது துடிப்பதாக மூன்று முறை புகார் எழுதியிருக்கிறேன்.

பிறகு ஹெஸ்ஸா வருகிறாள்.
(அனுமதிச் சீட்டில் பார்த்த பெயர். எழுத்துப் பிழை என்னுடையதாக இருக்கலாம்.)
தள்ளுவண்டி பின்னே போகிறது, லென்ஸ் முன்னே இழுக்கிறது;
அவள் முகம் அதே அளவில் நிற்க
பின்சுவர் மட்டும் நெருங்கி நெருங்கி வருகிறது.
கடன்காரன் வருகிற மாதிரி.

நிறம் பொய்.
எடுத்தது நள்ளிரவில், படத்தில் அது அந்தி.
மனாமாவில் எந்த அந்தியும் இத்தனை நீலமாய் இருந்ததில்லை.
ஆகஸ்டில் எங்கள் வானம்
துணி அலசிய தண்ணீர்.

கோரஸ் வரும்போதெல்லாம் எல்லாம் பின்னோக்கி ஓடுகிறது:
தரையில் சிதறிய கண்ணாடி எழுந்து
கார்க்கதவுக்குத் திரும்புகிறது.
அறுந்த கிட்டார் தந்தி தன் ஆணியைத் தேடிப் போகிறது.
அவள் கத்தல் வாய்க்குள் இறங்குகிறது.

அறையில் சபியுல்லாவுக்குப் போட்டுக் காட்டினேன்.
"கதை என்னடா இதுல?"
"ஒருத்தன் கார்ல போனான், வரல.
இவ நேரத்தைத் திருப்பிப் பாக்குறா."
"அதுக்கு ஏன் இம்புட்டுச் சத்தம்?"
போர்வையை இழுத்துக்கொண்டான்.
ஏசியும் அவனும் ஒரே சுருதியில்.

என்னிடம் இன்னொரு படம் இருக்கிறது.
கூரை மூலையிலிருந்து, அகலக் கோணத்தில்,
ஆறு மணி இருபது நிமிடம்.
வெட்டு இல்லை, ஒலி இல்லை.
யாரும் தேர்ந்தெடுக்காத நிறம்.

அதில் அந்த இடிமுழக்க டிரம்ஸ்
ஒரு பையன் ஈ ஓட்டுவது.
அதில் கண்ணாடி ஒரே ஒரு முறை உடைகிறது,
முன்னோக்கி மட்டும்.
பிறகு தேக் பகதூர் துடைப்பத்தோடு வந்து
நாற்பது நிமிடம் குனிந்து குனிந்து கூட்டுகிறார்.
படத்தொகுப்பாளர் ஒரு பொத்தானில் செய்ததை
அவர் இடுப்பால் செய்கிறார்.
கண்ணாடி கதவுக்குத் திரும்பவில்லை,
கறுப்புப் பைக்குப் போகிறது.

பாட்டில் ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டாம் நொடி.
கண்கள் மட்டும் நிறைந்த நெருக்கக் காட்சி,
சட்டென்று இரண்டு ஃபிரேம் கறுப்பு.
இமைப்பது மாதிரி.
அந்த இமைப்புக்குள் என்ன இருந்தது என்று
எனக்குத் தெரியும்.

மூன்று மணி பன்னிரண்டு.
விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.
யாரோ கேபிளைச் சுருட்டுகிறான், யாரோ பிரியாணி பிரிக்கிறான்.
அவள் அந்தக் காரில் ஏறிக் கதவைச் சாத்துகிறாள்.
கண்ணாடியில்லாத ஜன்னல் வழியே
கையை வெளியே நீட்டுகிறாள், உள்ளங்கை மேலே பார்க்க.
பதினோரு நிமிடம்.
இயக்குநர் கடிகாரம் பார்க்கிறார்.
யாரும் கட் சொல்லவில்லை,
யாரும் ஆக்‌ஷன் சொல்லியிருக்கவும் இல்லை.

நடிப்பா?
எல்லாக் கேமராவும் தூங்கிவிட்ட நேரம்,
என்னுடையதைத் தவிர.
அது இருப்பது அவளுக்குத் தெரிய நியாயமில்லை.
ஒரு தடவை நேராக அண்ணாந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

முப்பது நாள்தான் எங்கள் சேமிப்பு.
பிரதி எடுத்தால் வேலை போகும்.
இன்று முப்பதாம் நாள்.

டியூப்லைட்டையும் நேற்று மாற்றிவிட்டார்கள்.
இனி அந்தத் தாளம் பாட்டில் மட்டும்.

மூன்று பன்னிரண்டு.
மெல்லக் கரைவது, மங்கி மறைவது எதுவுமில்லை.
கேமரா பதினான்கின் ஒரே வெட்டு:
நீட்டிய கை இருந்த இடத்துக்கு
ஒரு வெள்ளை நிசான்
ரிவர்ஸில் வந்து நிற்கிறது.