சென்னை – 2

கிண்டி ஓட்டலின் லிஃப்ட் கண்ணாடியில்
மாமனாரின் கோட்டைப் பார்த்தேன்.
தோள் இரண்டும் எனக்கு அரையங்குலம் முன்னால் போய்க்கொண்டிருந்தன.
தலைவருக்கு மஞ்சள் காமாலை.
ஆகவே பொருளாளர் நான்
இன்று ஒருநாள்
கொடுங்கையூர் யுனைடெட்.

மேசையில் முக்கோணமாய் மடித்த அட்டை:
சென்னை – 2.
எங்கள் பேர் எங்கேம்மா என்றேன்.
"லிஸ்ட்ல அப்படித்தான் சார் இருக்கு."
ஏசிக் காற்றில் அட்டை விழுந்தது,
நிமிர்த்தினேன், விழுந்தது,
தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து முட்டுக் கொடுத்தேன்.

நேற்று மைதானத்தில் யாசின் கேட்டான்,
அந்தச் சங்கம் நமக்கு என்னதான் சார் செய்யும்?
கோல்போஸ்ட்டில் வலை கட்டியபடி சொன்னேன்:
இருபத்திரண்டு கிளப்பும் தனித்தனியாகப் போனால்
டிவிக்காரன் கேட்டோடு பேசி அனுப்புவான்.
சேர்ந்து போனால் நாற்காலி போடுவான்.
"நாற்காலி போட்டா சம்பளம் வருமா?"
மூன்று மாத பாக்கி அவனுக்கு.
முடிச்சு சரியாக விழவில்லை என்பதுபோல்
அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

பொருள் நான்கு:
கோடை ஆட்டங்கள் மாலை நான்கு மணிக்கு.
ஒளிபரப்பாளர் கேட்கும் நேரம் அது.
எதிர்க்கத்தான் வந்திருந்தேன்.
பிசியோ ஜெசிந்தா எழுதித் தந்த காகிதம் பையில்,
செயற்கைப் புல்லில் அவள் வைத்துப் பார்த்த வெப்பமானி
ஐம்பத்து நாலு காட்டியதாம்.
கோல்கீப்பர் லூர்துராஜ் உள்ளங்கையை ஊன்றி
எழுந்த விதத்தையும் எழுதியிருந்தாள்.
படித்தேன். முழுதாகப் படித்தேன்.
கோவாக்காரர் ஒருவர் தலையாட்டினார்.
கொல்கத்தாப் பெரியவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து
அது உடையும் முன் வாயில் போடுவதில் கவனமாயிருந்தார்.

தலைவர் நல்ல மனிதர், கோபமே இல்லை.
"உங்கள் கவலை எங்கள் கவலை" என்றார்.
பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்:
இன்று எல்லோரும் கையெழுத்திட்டால்
முன்பணம் பதினைந்து நாளில்
கழகங்களின் கணக்கில்.

பதினைந்து நாள்.
நான் கணக்குப் பிள்ளை,
மனம் தானாகவே பெருக்கத் தொடங்கிவிட்டது.
யாசினுக்கு மூன்று மாதம். லூர்துக்கு இரண்டரை.
பஸ் வாடகை பாக்கி, பந்துக் கடை ஷெரீப் பாய்.
ஏப்ரல் மாத நாலு மணி
அந்தக் கூட்டலில் எந்தக் கட்டத்திலும் வரவில்லை.

ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள்.
கோட்டின் கை நீளம்,
என் விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது.
எண்ணிக்கொண்டு வந்த பெண்
என்னருகே சற்று நின்று
"சென்னை இரண்டு?" என்றாள்.
இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

குறிப்பேட்டில் இருந்தது:
வெயில் பற்றி ஓர் உறுப்பினர் பேசினார்.
தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.
இரண்டும் நான்தான்.

கடற்கரை ரயிலில் கோட்டைக் கழற்றி மடியில் வைத்தேன்.
சைதாப்பேட்டை தாண்டும்போது யாசின் போன்.
"என்ன சார் ஆச்சு?"
பாக்கி வந்துடும்டா, ரெண்டு வாரம்.
அந்தப் பக்கம் ஒரே கூச்சல்,
யாரோ விசிலடித்தார்கள்.
"செம சார்! சண்டை போட்டீங்களா?"
எழும்பூர் வந்தது, எதிர் ரயில் ஒன்று தடதடத்தது,
அவன் கேட்டது எனக்குக் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டோம்.

பிராட்வேயில் பஸ் ஏறி
கொடுங்கையூரில் இறங்கும்போது
குப்பைமேட்டுக் காற்று வழக்கம்போல் முன்னால் வந்து நின்றது.
ஜெசிந்தாவிடம் நாளைதான் சொல்ல வேண்டும்.

இரவு, வரவு செலவுப் புத்தகத்தில்
புதிதாக ஒரு வரி எழுதினேன்:
ஐஸ், ஆட்டத்துக்கு நாற்பது கிலோ, காசிமேடு.
அடித்தேன்.
அறுபது என்று எழுதி,
தொகைக் கட்டத்தை
வெறுமனே விட்டு வைத்தேன்.