பெனால்டி புள்ளி

கொளத்தூரில் ஒரு டர்ஃப் மைதானத்தைப் பிரித்தபோது
சதுர அடி பதினைந்து ரூபாய்க்குப் பேசி
குணாளன் டிரெய்லரில் போட்டு எடுத்துவந்த புல் இது.
திருவொற்றியூரில், எங்கள் வீட்டுப் பின்பக்கம்,
மோட்டார் அறைக்கும் செப்டிக் டேங்க் மூடிக்கும் நடுவே
பன்னிரண்டுக்கு ஒன்பது.
விரித்தால் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.
கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ளங்கை அகலத்தில்
வெள்ளையாய் ஒரு வட்டம்.
"இங்கேர்ந்துதான் பெனால்டி அடிப்பானுங்க" என்று
மோட்டார் அறைக் கதவுக்கு ஓர் உதை விட்டான்.
கதவு இன்னும் சரியாகச் சாத்துவதில்லை.

முதல் வாரம் முழுக்கக் கறுப்பு ரப்பர் மணிகள்.
டீசலின் விரலிடுக்கில், சில்லறையின் காதுக்குள்,
தயிர்சாதத்தில் ஒன்று;
கடுகென்று நினைத்துக் கடித்துவிட்டேன்.
புல்லைக் கவிழ்த்துப் போட்டுக் கம்பால் அடித்து உதிர்த்தேன்.
மணிகள் போன இடத்தில்
கழுவிக் காயவைத்த மணல் தூவினேன்.

நாய் இருக்கும் வீட்டில் பொய்ப்புல்லுக்குத்தான்
வேலை அதிகம்.
டீசல் கோட்டின் மேல் மட்டும்தான் காலைத் தூக்கும்.
அப்படி ஒரு ஒழுக்கம்.
சில்லறை அதற்கு எதிர்ப்பக்கம், பத்து நொடி கழித்து.
மே மாதம் பதினோரு மணிக்கு
மாடி வீட்டு சகாயராணி ஜன்னலைச் சாத்துகிற சத்தத்திலேயே
வாடை எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பாதி வினிகர், பாதி தண்ணீர்.
ஊற்றிக் கால் மணி நேரம்.
பிறகு அலச இரண்டு வாளி.
மெட்ரோ லாரி வராத நாளில்
அரிசி கழுவிய தண்ணீரையா ஊற்ற முடியும்?
ஒரு தடவை ஊற்றினேன். எறும்பு வந்தது.

எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
பச்சை, சாம்பல் பூத்துவிடும்.
சாய்ந்த நாருக்கு எதிர்த்திசையில்
முரட்டுப் பிரஷ்ஷால் வாரவேண்டும்,
எண்ணெய் காணாத தலையை வாருவதுபோல, கொஞ்சம் கோபத்தோடு.
புறங்கையை வைத்து ஐந்து எண்ணிப் பார்ப்பேன்.
மூன்றில் சுட்டால் நாய்களுக்கு அனுமதி இல்லை.

ஆடியில் டீசல் தோண்ட ஆரம்பித்தது.
எங்கே என்கிறீர்கள், சரியாக அந்த வெள்ளை வட்டத்தில்.
மைதானம் முழுக்க உதைபட்டு நைந்திருந்த இடம்,
இரண்டே நாளில் கிழிந்துவிட்டது.

சதுரமாக வெட்டி எடுத்தேன்.
மிச்சத் துண்டில் அதே அளவு.
அடியில் டேப், பசை, மேலே நான்கு செங்கல்,
ஒரு ராத்திரி.
காலையில் பார்த்தால் ஒட்டு மட்டும் கரும்பச்சை.
நாரின் திசையை மாற்றி வைத்திருக்கிறேன்.
வாசல் பக்கம் நின்றால் தெரியாது,
சமையல்கட்டிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும்.
நான் நிற்பதோ சமையல்கட்டில்.

மூன்றாம் நாள் டீசல் அதையும் பிய்த்தது.
கையில் பிரஷ்ஷோடு ஓடினேன், அடிக்கத்தான்.
குழிக்குள் தலையை விட்டு
எதையோ கடித்து மென்றுகொண்டிருந்தது.

அருகம்புல்.
ஜல்லிக்கும் களைத்துணிக்கும் நடுவே புகுந்து
வெளிறிய மஞ்சளாய் நாலு இழை.
இரண்டு நாளாக அதற்கு வயிறு சரியில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.
மென்றது, மஞ்சளாய் நுரை கக்கியது,
புதிதாய் வாரிய இடமாகப் பார்த்து.

வினிகர். கால் மணி நேரம். இரண்டு வாளி.

மறுபடி வெட்டினேன். இந்த முறை நார் சரியான திசையில்.
மூன்று பக்கம் பசை தடவினேன்.
நாலாவது பக்கத்தின் முன்னால் குந்தி
ட்யூபைக் கையிலேயே வைத்திருந்தேன்.
சில்லறை வந்து மூடியை எடுத்துக்கொண்டு ஓடியது.

ராத்திரி டூட்டி முடிந்து வந்த குணாளன்
இடறி, குனிந்து பார்த்து,
"இது ஏன் தூக்கிட்டு நிக்குது?" என்றான்.
பசை தீர்ந்துவிட்டது என்றேன்.
ட்யூப், பாதி நிறைந்தபடி,
பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.